முதலில் ஒரு வேலையில் கை பழகட்டும்

கேள்வி: என் மகள் இந்த வருடம் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடிக்கிறாள். வடிவமைப்பு, பொறியியல், தொழில் எல்லாம் கலந்த புத்தாக்க முதுநிலைப் படிப்புக்கு லண்டன் போக ஆசைப்படுகிறாள். எல்லாவற்றையும் தொட்டுவிட்டு எதிலும் ஆழமில்லாமல் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. கடன் வாங்கி அனுப்பலாமா?
- வாசகி, கரூர்

பதில்: ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டும் இம்பீரியல் காலேஜும் சேர்ந்து நடத்தும் இரண்டு வருடப் படிப்பைத்தான் உங்கள் மகள் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். 1980-ல் தொடங்கியது. கலைக் கல்லூரியிலிருந்து ஒரு பட்டம், பொறியியல் பக்கமிருந்து ஒரு பட்டம் என்று இரண்டு கிடைக்கும். நல்ல படிப்பு அம்மா, தயங்காமல் சொல்வேன்.

அங்கே படித்த பீட்டர் ப்ரூவினும் வில் க்ராஃபோர்டும் சிமென்ட் கலவை பொதிந்த ஒரு துணியை உருவாக்கினார்கள். கூடாரம் போலக் காற்றடித்து நிறுத்தித் தண்ணீர் தெளித்தால் ஒரே நாளில் கெட்டியாகிவிடும். பேரிடரில் வீடிழந்தவர்களுக்காக யோசித்தது. ஆனால் அந்தத் துணி இன்று அதிகம் போவது வாய்க்கால்களுக்கு உள்ளே விரிக்கவும், மண் சரிவுகளைக் காக்கவும்தான். முதல் யோசனையைப் பிடித்துத் தொங்காமல், பொருள் எங்கே தேவைப்படுகிறதோ அங்கே போகத் தெரிந்தது பாருங்கள், அதைத்தான் இந்தப் படிப்பின் பெரிய பலனாக நான் மதிக்கிறேன்.

உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. கடற்பாசியிலிருந்து, தண்ணீரோடு அப்படியே விழுங்கக்கூடிய உறை செய்த நாட்ப்ளா நிறுவனமும் இதே வகுப்பிலிருந்து வந்ததுதான். சுற்றுச்சூழலுக்கான எர்த்ஷாட் பரிசை 2022-ல் வாங்கியது. அதைத் தொடங்கிய இருவரில் பியர் பாஸ்லியே, இந்தப் படிப்பில் சேர்வதற்கு முன்பே லோரியால் என்ற அழகுசாதன நிறுவனத்தில் பேக்கேஜிங் இன்ஜினீயராக வேலை பார்த்தவர். கையில் ஒரு தொழிலோடு வந்தவர்.

நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். இப்படிப் பல துறை கலந்து படித்த ஒரு பெண் எங்களிடம் சேர்ந்ததும் செய்த முதல் வேலை, த்ரீ பேஸ் கரண்ட் வரும் ராத்திரி நேரத்தில் தோட்டங்களுக்குப் போனதுதான். விவசாயி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஈரக் கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். பெட்டியைத் திறக்காமலே வெளியிலிருந்து இயக்குகிற மாதிரி பட்டனை மாற்ற வேண்டும் என்றார். எலெக்ட்ரிக்கல் குழு மறுத்தது. இன்சுலேஷன், செலவு என்று ஒவ்வொன்றாக எடுத்து அவர்களோடு வாதாட அவரால் முடிந்தது. ஏனென்றால் மேற்படிப்புக்கு முன்னால் மோட்டார் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்திருந்தார். அந்த அனுபவம் இல்லாமல் வருகிறவர்கள் கூட்டத்தில் அழகாகப் பேசுவார்கள், அதற்கு மேல் நகர முடியாமல் நிற்பார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

அதனால் இந்த வருடம் கடன் வேண்டாம். இரண்டு வருடம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில், உற்பத்தியோ, அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல் ரூமோ, வேலை பார்க்கட்டும். கூடவே வடிவமைப்பு மேற்படிப்புக்கான சீட் (CEED) நுழைவுத் தேர்வையும் எழுதச் சொல்லுங்கள். ஐஐடி பாம்பேயில் 1969-லேயே தொடங்கிய வடிவமைப்பு மையம் இருக்கிறது, அங்கே எம்.டெஸ். என்ற வடிவமைப்பு முதுநிலைப் படிப்பில் சேர அந்தத் தேர்வுதான் வழி. அதற்குப் பிறகும் லண்டன்தான் வேண்டும் என்றால், கடன் வாங்கி அனுப்புங்கள். விண்ணப்பத்தோடு வைக்கும் செயல்தொகுப்பில் (போர்ட்ஃபோலியோ) கம்ப்யூட்டர் படங்களை அடுக்க வேண்டாம். தானே செய்து, உடைந்து, திருத்திய ஒரே ஒரு பொருளை, உடைந்த துண்டின் போட்டோவோடு சேர்த்துக் காட்டட்டும்.