சட்டம் – கேள்வி பதில்: அப்பீலுக்கு 30 நாள், எப்படி எண்ணுவது?

கேள்வி: தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடத்தை அடைக்கக் கூடாதென்று நாங்கள் போட்ட வழக்கை முன்சீப் கோர்ட் ஜூன் 12 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. 20ஆம் தேதி தீர்ப்பு நகல் கேட்டு மனு போட்டோம். ஜூலை 4இல் நகல் தயாரானது. அப்பீலுக்குக் கடைசி நாள் எதுங்க? ஸ்டே வாங்கிவிட்டால் எதிர்த்தரப்பு வேலி போட முடியாதுதானுங்களே?
– வாசகர், பெருந்துறை

பதில்: உங்கள் அப்பீலுக்கு 30 நாள் கெடு. தீர்ப்பு சொன்ன நாளை விட்டுவிட்டு எண்ணினால் ஜூலை 12. நகலுக்காகக் காத்திருந்த ஜூன் 20 முதல் ஜூலை 4 வரையிலான 15 நாள் கெடுவில் சேராமல் கழியும்; கடைசி நாள் அவ்வளவு தள்ளிப்போகும். ஆக, ஜூலை 27 கடைசி. அன்று கோர்ட் விடுமுறையென்றால் மறுபடி திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம்.

நகலில் குறித்திருக்கும் தேதிகளை ஒருமுறை பாருங்கள். கட்டணம் கேட்ட தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடைவெளி இருந்தால், அந்தத் தாமதம் உங்கள் கணக்கில்தான் ஏறும். தயாரான நகலை வாங்காமல் கிடப்பில் போட்ட நாளும் கழியாது. நாள் தவறுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான்.

ஸ்டே விஷயத்தில் உங்கள் எண்ணம் சரியில்லை. ஸ்டே என்பது டிகிரியை, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணையை, நிறைவேற்றாமல் நிறுத்துவது. தள்ளுபடியான வழக்கில் நிறைவேற்ற என்ன இருக்கிறது? முன்பு இடைக்காலத் தடை வாங்கியிருந்தாலும் வழக்கோடு அதுவும் போய்விட்டது. வெறும் அப்பீல் போட்டதால் வேலிக்கல் நடுவதை யாரும் தடுக்க முடியாது. எனவே அப்பீலோடு புதிதாக இடைக்கால உறுத்துக்கட்டளை (வேலி போடாமல் தடுக்கும் உத்தரவு) கேட்டுத் தனி மனுவும் அபிடவிட்டும் (சத்திய வாக்குமூலம்) போடுங்கள். தடத்தின் இன்றைய நிலையைக் காட்டும் போட்டோக்களையும் சேர்த்துக் கொடுங்கள்.

கெடு தாண்டினால் லிமிடேஷன் சட்டம் 5ஆம் பிரிவில் தாமத மன்னிப்பு மனு போட வழியுண்டு. ஆனால் அதில் நோட்டீஸ், கவுண்டர் (எதிர்த்தரப்பின் பதில் மனு), வாய்தா என்று மாதங்கள் ஓடும். அது முடிந்த பிறகே அப்பீலைக் கோப்பில் ஏற்று நம்பர் கொடுப்பார்கள். அதற்குள் தடம் இருந்த இடத்தில் கம்பிவேலி நிற்கும். காரணத்துக்கு ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு போல ஆதாரம் வேண்டும். ‘வக்கீல் சொல்லவில்லை’ என்பது மட்டும் எடுபடாது.

இன்னொன்று: கோர்ட் கட்டணம் குறைந்தாலோ எதிர்த்தரப்பில் ஒருவர் பெயர் விட்டுப்போனாலோ அப்பீல் கட்டு கோர்ட்டிலிருந்து ரிட்டன் ஆகும். கோர்ட் கொடுத்த கெடுவுக்குள் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்யாவிட்டால் அதற்கும் ஒரு தாமத மனு!

கேள்வி: சப்-கோர்ட் அப்பீலிலும் தோற்றுவிட்டோம். அடுத்து எங்கே போவது?
– வாசகர், கரூர்

பதில்: ஐகோர்ட்டில் இரண்டாம் அப்பீல், 90 நாள் கெடு, நகல் நாள் கழிவு இதற்கும் உண்டு. கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல்காரர்கள் சென்னைக்குப் போகவேண்டும். உங்கள் கரூர் ஐகோர்ட்டின் மதுரைக் கிளையில் வரும். சாட்சி சொன்னதை நம்பியது தப்பு என்று அங்கே வாதாடிப் பயனில்லை. முக்கியமான சட்டக் கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று தீர்ப்பு இரண்டையும் வக்கீலிடம் காட்டிக் கேட்டுவிட்டுச் செலவில் இறங்குங்கள்.