4294967297 பகா எண் அன்று
வணக்கம். 600 வரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்தும் மீதி வருவதால் 4294967297 பகா எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வர்க்கமூலமான ஏறத்தாழ 65536 வரை சோதித்தால்தான் அப்படி முடிவு செய்ய இயலும். இன்னும் ஏழு பகா எண்களைச் சோதித்திருந்தால், ஏழாவதாக 641 அகப்பட்டிருக்கும்.

இது 2³² + 1. பகா எண் என்று கணித அறிஞர் ஃபெர்மா கொண்டிருந்த நம்பிக்கையை 1732இல் மற்றொரு கணித அறிஞரான ஆய்லர் தகர்த்தார். இது 641ஆல் வகுபடுவதை நெடிய வகுத்தல் இன்றியே காட்டும் வழி எனக்கு மிகவும் பிடித்தது: 641 என்பது 5 × 2⁷ + 1 ஆகவும் 5⁴ + 2⁴ ஆகவும் அமைவதால், 641ஆல் வகுக்கையில் 5 × 2⁷ என்பது −1க்கு ஈடாகிறது (அதாவது, இரண்டின் வேறுபாடு 641ஆல் மீதியின்றி வகுபடும்); அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸ என்பது 1க்கு ஈடு; அதில் 5⁴க்குப் பதிலாக −2⁴ஐ இட்டால் −2³² என்பது 1க்கு ஈடாகி, 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. ஈவான 6700417 பகா எண்ணே.