ரிலே அவுட்புட் மாட்யூல் மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: டிப்ளமோ முடித்துவிட்டு மணலியில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸில் சேர்ந்திருக்கிறேன். பேனலில் சீமென்ஸ் எஸ்7-1200 பி.எல்.சி. (மெஷின்களைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர்) இருக்கிறது. அதில் கூடுதலாக ஒரு ரிலே அவுட்புட் மாட்யூல் (பி.எல்.சி. சொல்கிறபடி வெளிக்கருவிகளை ஆன், ஆஃப் செய்யும் ரிலேக்கள் உள்ள பெட்டி) மாட்டச் சொல்கிறார்கள். என்னென்ன கவனிக்க வேண்டும்? பழைய மாட்யூலில் ஒரு அவுட்புட் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. உள்ளே இருக்கும் ரிலேவை மட்டும் மாற்றலாமா?

மாட்யூலை மாட்டுவது பத்து நிமிட வேலை. அதிலிருந்து வெளியே போகும் ஒயரில்தான் எல்லாமே இருக்கிறது. நான் சொதப்பியதும் அங்கேதான் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஒட்டிக்கொண்ட அவுட்புட்டுக்கும் அதில் பதில் இருக்கலாம்.

காசிமேட்டுப் பக்கம் ஒரு ஐஸ் பிளான்டுக்கு சில வருடம் வேலை பார்த்தேன். அங்கே பெரிய வேலை எதுவானாலும் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் நடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஐஸுக்கும் கிராக்கி இருக்காது, முதலாளியும் மெயினை அணைக்க மறுக்கமாட்டார். அப்படி ஒரு தடைக்காலத்தில் பழைய பேனலைக் கழற்றிவிட்டு பி.எல்.சி. வைத்தோம், கூடவே எட்டு அவுட்புட் உள்ள ரிலே மாட்யூல் ஒன்று. கன்டென்சர் பம்ப், கூலிங் டவர் ஃபேன், பிரைன் (உப்புத் தண்ணீர்) தொட்டியைக் கலக்கும் அஜிடேட்டர் எல்லாமே கன்டாக்டர் (மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) வழியாகத்தான் ஓடின. வேலை சுத்தமாக இருந்தது, எனக்கே பெருமையாக இருந்தது.

படகுகள் மறுபடி இறங்கிய வாரம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கூலிங் டவர் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை எச்.பி. பம்பின் கன்டாக்டர் காயில் கருகிவிட்டது. ஸ்பேர் இல்லை. கடையும் இல்லை. ஐஸுக்கு வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. பம்ப் ஒயரைக் கொண்டுவந்து நேராக மாட்யூல் அவுட்புட்டில் சொருகினேன். காலையில் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். காலையில் வேறு வேலை வந்தது. அடுத்த காலையிலும்.

ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் விடிகாலை போன். போய்ப் பார்த்தால் தொட்டி நிரம்பி வழிந்து தண்ணீர் சந்து வரை ஓடியிருக்கிறது. எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று என் பரம்பரையையே விசாரித்துக்கொண்டிருந்தார். பேனல் முன்னால் ஆபரேட்டர் பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "இன்னா தம்பி, லைட்டு ஆஃப்ல கீது, மோட்டாரு ஓடிக்கினு கீது?"

நியாயமான கேள்வி. மாட்யூலில் அந்த அவுட்புட்டின் எல்.இ.டி. அணைந்துதான் இருந்தது. பம்ப் பாட்டுக்கு ஓடியது. அந்த விளக்கு உள்ளே இருக்கும் ரிலேவின் காயிலுக்குக் கரண்ட் போகிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். காயிலின் இழுப்பில் சேரும் இரண்டு வெள்ளித் துண்டுகள், அதாவது கான்டாக்டுகள், உண்மையிலேயே சேர்ந்தனவா, பிரிந்தனவா என்று அதற்குத் தெரியாது. இங்கே அந்த இரண்டும் உருகி ஒன்றோடொன்று பற்றிக்கொண்டிருந்தன. வெல்டிங் அடித்த மாதிரி.

உங்களிடம் இருப்பது எஸ்.எம். 1222 வகை ரிலே மாட்யூல் என்று வைத்துக்கொள்கிறேன். அதன் ஒரு கான்டாக்ட் தாங்குவது 2 ஆம்பியர். அரை எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போதே 3 ஆம்பியர் பக்கம் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. போதாக்குறைக்கு, டவரிலிருந்து தண்ணீர் கொட்டுகிற தொட்டியில் ஃப்ளோட் சுவிட்ச் துள்ளிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு நாலு தடவை ஆன், நாலு தடவை ஆஃப். ஒன்பது நாள் தாங்கியதே அந்த மாட்யூலின் பெருந்தன்மை.

சரி, இனி உங்கள் மாட்யூல். வாங்குவதற்கு முன்பே மூன்று கணக்கு பாருங்கள். சி.பி.யு. 1214சி அல்லது 1215சி என்றால் வலப்பக்கம் எட்டு மாட்யூல் வரை சேர்க்கலாம். 1212சி என்றால் இரண்டுதான். 1211சி-யில் இடமே கிடையாது. அடுத்து ரிலே காயில்களுக்கான 24 வோல்ட். ஒரு காயிலுக்கு 11 மில்லி ஆம்பியர், எட்டும் ஒரே சமயத்தில் ஆன் ஆனால் 88. சி.பி.யு.வே வெளியே கொடுக்கும் 24 வோல்ட்டில் ஏற்கெனவே சென்சார்கள் தொங்கிக்கொண்டிருந்தால், தனி எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளையிலிருந்து கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் இரண்டு சப்ளையின் பிளஸ்ஸையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள்.

மூன்றாவது கணக்கு, காமன், அதாவது பல அவுட்புட்டுகளுக்கும் பொதுவாகக் கரண்ட் வந்து சேரும் டெர்மினல். எட்டு அவுட்புட் மாட்யூலில் காமன் இரண்டு குழுவாகத்தான் இருக்கும். ஒரு குழுவில் 230 வோல்ட் ஏ.சி. கொடுத்தால் அந்தக் குழுவில் உள்ள எல்லாவற்றுக்கும் அதேதான். 24 வோல்ட் சோலினாய்டும் 230 வோல்ட் கன்டாக்டரும் கலந்து இருந்தால், எது எந்தக் குழு என்று ஒயரிங்குக்கு முன்னாலேயே பேப்பரில் எழுதிவிடுங்கள். காமனுக்கு வருவது ஃபேஸ். நியூட்ரலை காயில் பக்கம் நேரே கொடுங்கள். நியூட்ரலை ரிலேவில் வெட்டினால், அணைத்த பிறகும் காயிலில் ஃபேஸ் நிற்கும். ஒரு குழுவுக்கு ஆர் ஃபேஸ், பக்கத்துக் குழுவுக்கு ஒய் ஃபேஸ் என்று பிரிக்கவும் வேண்டாம். விரல் நுனி இடைவெளியில் 415 வோல்ட்டை வைப்பது எதற்கு?

மாட்டும் அன்று பவரை அணையுங்கள். எஸ்7-1200 மாட்யூலை ஓடும்போது சொருகவோ உருவவோ கூடாது. ஆனால் பி.எல்.சி.யின் எம்.சி.பி.யை (சர்க்யூட் பிரேக்கர்) அணைத்துவிட்டோம், எல்லாம் செத்துவிட்டது என்று கை வைத்துவிடாதீர்கள். ரிலே காமனுக்கு வரும் 230 பெரும்பாலும் வேறு எம்.சி.பி.யிலிருந்து வரும், சில இடத்தில் வேறு பேனலிலிருந்தே வரும். பி.எல்.சி. இருட்டாகக் கிடக்கும், டெர்மினலில் டெஸ்டர் வைத்தால் பளிச்சென்று எரியும். அந்த எம்.சி.பி.யையும் அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மீட்டர் வைத்து ஒவ்வொரு காமனையும் அளந்து பாருங்கள். வெளியிலிருந்து வரும் அப்படிப்பட்ட ஒயரை ஆரஞ்சு நிறத்தில் இழுத்து வைத்தால், அடுத்து பேனலைத் திறக்கிறவன் உங்களை வாழ்த்துவான்.

மாட்டும் முறை எளிது. கடைசி மாட்யூலின் வலப்பக்கத்தில் இருக்கும் சின்ன மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுங்கள். புது மாட்யூலை டின் ரெயிலில் (பேனலில் இருக்கும் உலோகப் பட்டை) தொங்கவிட்டு, கீழ் கிளிப்பை உள்ளே தள்ளி, ஒட்டி உட்கார வையுங்கள். மேலே இருக்கும் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் இடப்பக்கம் முழுசாகத் தள்ள வேண்டும். பாதியில் நின்றால் மாட்யூல் இருப்பதே சி.பி.யு.வுக்குத் தெரியாது. சீமென்ஸின் புரோகிராமிங் மென்பொருளான டி.ஐ.ஏ. போர்ட்டலில் அதே மாட்யூலை அதே வரிசையில் சேர்த்து டவுன்லோட் செய்யுங்கள். முதல் மாட்யூலின் முகவரி தானாகவே 8-இல் தொடங்கும், அதாவது க்யூ8.0. உங்களுடையது அதற்கு அடுத்ததாக வரும்.

அங்கேயே இன்னொன்றையும் பாருங்கள். சி.பி.யு. ஸ்டாப்புக்குப் போனால் அவுட்புட்டுகள் என்ன ஆகவேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கும். ஒன்றும் செய்யாமல் விட்டால் எல்லாம் ஆஃப் ஆகும். பெரும்பாலும் அதுதான் சரி. ஆனால் கூலிங் பம்ப் மாதிரி, நின்றால் ஆபத்தாகும் லோடு இருந்தால் உங்கள் இன்ஜினியரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள், நீங்களாகச் செய்யாதீர்கள்.

இனி வெளியே போகும் ஒயர். என் வழக்கம், மாட்யூலுக்கும் லோடுக்கும் நடுவில் எப்போதும் ஒரு 24 வோல்ட் இன்டர்போசிங் ரிலே. 6 மில்லிமீட்டர் அகலத்தில் ஒல்லியாக, பேஸில் சொருகும் வகையே போதும். கான்டாக்ட் தீய்ந்தால் மலிவான ரிலேவைப் பிடுங்கிப் புதிதைச் சொருகிவிடலாம், மாட்யூல் பிழைத்துக்கொள்ளும். "ரிலேவுக்கு எதுக்குப்பா இன்னொரு ரிலே?" என்று பர்ச்சேஸில் கேட்பார்கள். ஒரு மாட்யூலின் விலையைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் 2 ஆம்பியர் கண்ணாடி ஃப்யூஸ் போட்ட டெர்மினல் வையுங்கள். நான் அன்று ராத்திரி அதை வைத்திருந்தால் சந்தில் தண்ணீர் ஓடியிருக்காது, முதல் தடவை பம்ப் கிளம்பும்போதே ஃப்யூஸ் போயிருக்கும்.

காயில் எதுவானாலும் அணைக்கும் நொடியில் ஒரு உதை உதைக்கும். அதில் எழும் பொறிதான் கான்டாக்டைத் தின்னும். 24 வோல்ட் டி.சி. காயிலா, குறுக்கே ஒரு 1என்4007 டையோடு, கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸில். மாற்றிப் போட்டால் ஷார்ட். 230 ஏ.சி. காயிலா, 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஆர்.சி. ஸ்னப்பர். இரண்டையும் காயிலின் குறுக்கே, காயிலுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். ஸ்னப்பரை கான்டாக்டின் குறுக்கே போடுகிறவர்கள் உண்டு. கான்டாக்ட் திறந்திருந்தாலும் அந்த 0.1 மைக்ரோஃபாரட் வழியாக 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 7 மில்லி ஆம்பியர் கசியும். சின்ன ரிலேவாக இருந்தால் அந்தக் கசிவே அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு பேய் பிடித்த பேனல் என்று ஊரே சொல்லும்.

டி.சி. என்றால் இந்த மாட்யூலில் 30 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏ.சி. நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானாக அணையும். 110 டி.சி.க்கு அந்தக் கருணை கிடையாது.

ஆயுளும் ஒரு கணக்கு. முழு லோடில் இந்தக் கான்டாக்டுகளுக்குச் சொல்லப்படுவது ஒரு லட்சம் தடவை. கேட்கப் பெரிதாக இருக்கும். ஒரு ஹீட்டரை 10 நொடிக்கு ஒரு தடவை ஆன்-ஆஃப் செய்து சூட்டைச் சீராக வைக்கும் பி.ஐ.டி. லூப்பை இதில் கொடுத்தால் ஒரு நாளைக்கு 8,640 தடவை, 12 நாளுக்குள் லட்சம் முடிந்தது. அந்த மாதிரி வேலைக்கு ட்ரான்சிஸ்டர் அவுட்புட்டும், அசையும் கான்டாக்டே இல்லாத எஸ்.எஸ்.ஆர். ரிலேவும்தான். துள்ளும் ஃப்ளோட் சுவிட்சுக்கு புரோகிராமில் ஐந்து நொடி டைமர் ஒன்று போதும். நான் பிற்பாடுதான் போட்டேன்.

நம்ம பக்கத்துக் காற்றையும் சொல்லவேண்டும். காசிமேடு, எண்ணூர் பக்கம் உப்பு. மணலியில் கந்தகம் கலந்த புகை. வெள்ளி கந்தகம் பட்டால் கறுக்கும், வீட்டுக் கொலுசு மாதிரியே. நல்ல கரண்ட் ஓடும் கான்டாக்டில் பொறி அந்தக் கறுப்பைத் தின்றுவிடும். இரண்டு மூன்று மில்லி ஆம்பியர் சிக்னலை மட்டும் சுமக்கும் கான்டாக்டில் அது அப்படியே படிந்து, ஆன் ஆகியும் சிக்னல் போகாமல் மல்லுக்கட்டும். அந்த இடத்துக்குத் தங்க முலாம் கான்டாக்ட் உள்ள இன்டர்போசிங் ரிலே கேளுங்கள். பேனல் கேபிள் ஓட்டைகளை கிளாண்ட் போட்டு மூடுங்கள், ஒயர் நுனிக்கு லக் அடிக்காமல் சொருகாதீர்கள். ஐஸ் பிளான்டில் அம்மோனியாவும் சேர்ந்து வெறும் செம்பைப் பச்சையாக்கியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சோதிக்கும்போது லோடு ஃப்யூஸ்களை உருவிவிட்டு, டி.ஐ.ஏ. போர்ட்டலின் வாட்ச் டேபிளிலிருந்து ஒவ்வொரு அவுட்புட்டாக ஆன் செய்யுங்கள். எல்.இ.டி. எரியும், டிக் என்று சத்தம் வரும். அதோடு நிற்காமல் காமனுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவில் மீட்டரை பீப்பில் வையுங்கள், காமனில் வோல்டேஜ் இல்லாத நிலையில்தான். ஆன் செய்தால் பீப், ஆஃப் செய்தால் சத்தம் நிற்கவேண்டும். இரண்டாவதுதான் முக்கியம், எல்லாரும் முதலாவதோடு போய்விடுகிறார்கள். முடிந்தால் கன்டாக்டரோடு சேர்ந்தே அசையும் சின்ன ஆக்சிலரி கான்டாக்ட் ஒன்றை பி.எல்.சி. இன்புட்டுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அவுட்புட் ஆஃப் ஆகி இரண்டு நொடி கழித்தும் கன்டாக்டர் இழுத்தபடி இருந்தால் அலாரம் அடிக்கட்டும்.

எமர்ஜென்சி ஸ்டாப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இந்த மாட்யூலை நம்பி விடாதீர்கள். கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் புரோகிராம் என்ன சொன்னாலும் மோட்டார் நிற்காது. அது சேஃப்டி ரிலே வழியாக, நேர் ஒயரில் பவரை வெட்டவேண்டும்.

பழைய மாட்யூலின் ரிலேவை மாற்றும் கதைக்கு வருகிறேன். முடியும். நான் என்னுடையதைத் திறந்து, ரிச்சி தெருவில் அதே அளவு ரிலே வாங்கி, சால்டர் வைத்து மாற்றினேன். வேலை செய்தது. ஆனாலும் அதை மறுபடி பிளான்டில் மாட்டவில்லை. பொறி தெறித்ததில் போர்டில் கருப்புப் படலம் பரவியிருந்தது, 230-க்கும் 24-க்கும் நடுவில் இருக்கவேண்டிய இடைவெளியை இனி நம்பமுடியாது. வீட்டில் பையன்களுக்கு புரோகிராம் சொல்லிக்கொடுக்க மேஜைமேல் கிடக்கிறது. நீங்கள் புதுசு வாங்குங்கள். அது வரும்வரை, ஒட்டிக்கொண்ட அவுட்புட்டின் ஒயரைக் கழற்றி ஏதாவது ஒரு காலி அவுட்புட்டுக்கு மாற்றி, புரோகிராமில் முகவரியையும் மாற்றிவிட்டு, பழைய டெர்மினலில் சிவப்பு டேப் ஒட்டிவையுங்கள். அதற்கு முன்னால் அந்த ஒயர் மறுமுனையில் எங்கே போகிறது என்று கையால் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவரும் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு பம்பை நேராகக் கொடுத்திருக்கலாம்.