முதல் வருடம் பூ, மறுவருடம் புல்: உரம் போடலாமா?

கேள்வி: குடியிருப்பில் இருப்பவர்கள் சேர்ந்து, காலி இடத்தில் தேனீ, வண்ணத்துப்பூச்சிகளுக்காகக் காட்டுப்பூ விதைக் கலவை தூவினோம். முதல் வருடம் அமோகமாகப் பூத்தது. இந்த வருடம் இடுப்பளவு புல்தான். விதை விற்றவர் உரம் போட்டு மறுபடி விதைக்கச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: ஒரு பிடி உரம்கூட வேண்டாம். மண்ணில் நைட்ரஜனும் பாஸ்பரசும் ஏற ஏறப் புல்லுக்குத்தான் கொண்டாட்டம். அது மளமளவென்று வளர்ந்து வெளிச்சத்தை மறைக்கும்; மெதுவாக வளரும் பூச்செடி அடியிலேயே வதங்கும். காட்டுப்பூவுக்கு ஏழை மண்தான் ஒத்துவரும்.

சரி, முதல் வருடம் எப்படிப் பூத்தது? இத்தகைய பொட்டலங்களில் பெரும்பாலும் பாப்பி, காஸ்மோஸ் மாதிரி ஓராண்டுச் செடிகள்தான் இருக்கும். சீக்கிரம் பூத்து, விதை விட்டுச் செத்துப்போகும். அந்த விதை முளைக்க வெறும் மண் வேண்டும். அதற்குள் புல் மூடிவிடுகிறது. விற்பவருக்கு இது தெரியாமல் இருக்குமா? வருடா வருடம் நீங்கள் வாங்க வந்தால் அவருக்கு நல்லதுதானே!

பொட்டலத்தின் முன்பக்கப் படத்தில் மயங்காதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். செடிகளின் பெயர்ப் பட்டியல் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம். அடுக்கு இதழ்ப் பூக்களையும் தவிருங்கள்: மகரந்தம் தரவேண்டிய உறுப்புகளே பலவற்றில் இதழாக மாறியிருக்கும், பூச்சிக்கு ஒன்றும் மிஞ்சாது. நாற்று வாங்கினால், நியோனிகோட்டினாய்டு என்ற பூச்சிக்கொல்லி மருந்து போட்டதா என்று கேளுங்கள். அது மகரந்தம், தேன் வரைக்கும் ஏறும். பதில் மழுப்பலாக வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

அப்புறம், 'நாலு தேன்பெட்டி வைத்துத் தருகிறோம்' என்று ஒருவர் கட்டாயம் வருவார். அனுப்பிவிடுங்கள். உலகில் 20,000-க்கு மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல் தனித்தனியே, அதுவும் மண்ணுக்குள், கூடு கட்டுபவை. ஒரு பெட்டிக்குள் பல்லாயிரம் தேனீக்கள் இருக்கும். உங்கள் சின்ன இடத்துப் பூவை அவையே காலி செய்துவிட்டால், யாருக்காக இத்தனை பாடு?

இப்போது செய்யவேண்டியது இதுதான். பூக்கள் விதை உதிர்க்கும் கட்டத்தில் முழுவதையும் வெட்டுங்கள். சில நாள் அங்கேயே காயவிட்டு, பிறகு வாரி வெளியேற்றுங்கள். வெட்டியதை விட்டுவைத்தால் அதுவே மக்கி உரமாகிவிடும், வெட்டியதே வீண். சில வருடம் இப்படிச் செய்தால் புல்லின் வேகம் அடங்கும். இடையிடையே மண் தெரியும்படி கீறி, உங்கள் பகுதியிலேயே இயல்பாக வளரும் பல்லாண்டுச் செடிகளின் விதையைத் தூவி, காலால் மிதித்துவிடுங்கள். ஆழப் புதைக்காதீர்கள்.

மண்ணை வருடந்தோறும் கிளற வேண்டாம். அதற்கு ஒரே விலக்கு, ஓராண்டுப் பூக்கள்தான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால். வாசலோரம் சின்னப் பாத்தியில் அதைச் செய்யலாம். ஆனால் பாத்தி முழுவதையும் ஒரே தடவையில் கிளறாதீர்கள். இந்த வருடம் ஒரு பாதி, அடுத்த வருடம் மறு பாதி. ஏன் பாதி? மண்ணுக்குள் கூடு இருக்கும் என்றேனே, அதனால்தான். கிளறிய பாதியிலும் உரம் கிடையாது. மீண்டும் சொல்கிறேன், கிடையாது.

இத்தனையும் செய்தபின், பூ உச்சத்தில் இருக்கும்போது உள்ளாட்சி ஆள் புல்வெட்டும் இயந்திரத்தோடு வந்து மொட்டையடித்துவிட்டுப் போவார். அவரைத் திட்டிப் பயனில்லை. எத்தனை முறை வெட்டினார் என்பதற்குத்தான் ஒப்பந்தத்தில் பணம். பூச்சிகளைக் காப்போம் என்று ஒரு பிரிவு சுவரொட்டி ஒட்டும், அதே கட்டடத்தின் இன்னொரு பிரிவு வெட்டச் சொல்லி ஆளனுப்பும். இரண்டும் பேசிக்கொள்ளும் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். எந்தெந்த மாதம் வெட்டக்கூடாது என்று எழுத்தில் அனுமதி வாங்கி, அதன் நகலை ஒப்பந்தக்காரரிடமே கொடுங்கள். இடத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு நீங்களே ஒட்ட வெட்டி வையுங்கள். பராமரிப்பில் உள்ள இடம் என்று தெரிந்தால் 'ஒரே புதர்' என்று புகார் கொடுப்பவர்களும் குறைவார்கள்.