கண்டிகோட்டை, பெலும் குகை: பைக்கில் போகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்னையிலிருந்து ஆந்திராவின் கண்டிகோட்டைக்கும் பெலும் குகைக்கும் பைக்கில் கிளம்பும் நண்பர்கள் கேட்டவை இவை.

கே: 150 சிசி வண்டி, பின்னால் ஒருவர். இரண்டு நாள் போதுமா?

ப: மூன்று நாள் வையுங்கள். போவதற்கே ஏறத்தாழ 350 கி.மீ. திருத்தணி, ரேணிகுண்டா, ராஜம்பேட்டை, கடப்பா, முத்தனூர், ஜம்மலமடுகு என்று போகும் வழி. ரேணிகுண்டா தாண்டியதும் ரயில்வே கோடூர் வரை சேஷாசலக் காடு வரும், இருட்டில் வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பெட்ரோலை ஜம்மலமடுகுவிலேயே நிரப்பிவிடுங்கள். அங்கிருந்து கோட்டை சுமார் 15 கி.மீ.

கே: வழியில் டயர் காற்றைப் பார்த்தால் கூடுதலாகக் காட்டுகிறதே, இறக்கலாமா?

ப: கூடாது. ஓடிச் சூடான டயர் 3, 4 பிஎஸ்ஐ கூடுதலாகத்தான் காட்டும். இறக்கினால் பக்கச்சுவர் அதிகம் மடிந்து இன்னும் சூடேறும். விடியற்காலை, வண்டியை எடுக்கும் முன், இருவருக்கென்று ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவை வையுங்கள்.

கே: செயினுக்கு என்ன செய்ய?

ப: நம் வீட்டு அடுப்படி மேடையில் கிடக்கும் கடப்பா கல் இந்த மண்ணிலிருந்து வருவதுதான். குவாரி லாரிகள் ஓடும் சாலையில் கல்பொடி பறக்கும். எண்ணெயோடு சேர்ந்தால் அது உப்புத்தாள் மாதிரி செயினையும் பல்சக்கரத்தையும் தேய்க்கும். இரவு தங்கும் இடத்தில், செயின் சூடாக இருக்கும்போதே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, செயின் லூப்பை (மசகு எண்ணெயை) உள்பக்கத்தில் மெல்லிசாக அடித்துவிடுங்கள். காலைக்குள் ஊறிவிடும். கிளம்பும் முன் அடித்தால் பாதி சக்கரத்தில்தான் தெறிக்கும்.

கே: டியூப்லெஸ் டயர் பஞ்சரானால்?

ப: ஆணியைப் பிடுங்கும் முன் அந்த இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். துளையில் ரீமரை (உள்பக்கத்தைச் சொரசொரப்பாக்கும் கம்பியை) ஐந்தாறு முறை முறுக்கி ஏற்றி இறக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் ஒட்டு நிற்காது. பசை தடவிய ரப்பர் திரியை மூன்றில் இரண்டு பங்கு உள்ளே தள்ளி, ஊசியைச் சட்டென்று இழுங்கள். வெளியே 3 மி.மீ. விட்டு வெட்டி, காற்றடித்து, எச்சில் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். பக்கச்சுவரில் கிழிந்தால் திரி வேலைக்காகாது.

கே: பெலும் குகைக்குள் மூச்சு முட்டுமா?

ப: முட்டாது, புழுக்கம்தான் அதிகம். 3,229 மீட்டர் நீளக் குகையில் சுமார் ஒன்றரை கி.மீ. நடக்க விடுகிறார்கள். நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய வழி இது. சுவரில் நீர் சுழன்ற வளைவுகள் அப்படியே தெரியும். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, பிடிப்புள்ள செருப்போடு, தண்ணீர் எடுத்துப் போங்கள். ஏழு சுர அறையில் தொங்கும் கற்களைத் தட்டிப் பார்க்காதீர்கள். கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் சுண்ணாம்பு படியாது, கல் வளர்வது நின்றுவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டு வேலை அது.

கே: கண்டிகோட்டையில் எந்த நேரம் நல்லது?

ப: விடியல். தெலுங்கில் கண்டி என்றால் மலையிடுக்கு. பெண்ணாறு அறுத்த பள்ளத்தாக்கின் விளிம்பில் செம்பாறைகள் அடுக்கி வைத்தாற்போல் நிற்கும், கைப்பிடிச் சுவர் கிடையாது. செல்ஃபிக்காகப் பின்னோக்கி நடக்காதீர்கள். மாதவராயர் கோயில், ஜாமியா மசூதி, தானியக் களஞ்சியம் மூன்றும் நடை தூரத்தில். மண்ணில் வண்டியை நிறுத்தினால் சைடு ஸ்டாண்டுக்குக் கீழே தட்டைக் கல் வையுங்கள்.

கே: திரும்பும்போது தாடிபத்ரி தேவையா?

ப: கட்டாயம். பெலுமிலிருந்து சுமார் 30 கி.மீ. தான். புக்கா ராமலிங்கேஸ்வரர் கோயிலில் முடிக்கப்படாத கோபுரங்களின் அடித்தளத்தைக் குனிந்து பாருங்கள். உளி படாத ஒரு சாண் இடம்கூட இல்லை.