காயாத வண்ணம் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாகர்கோவிலை அடுத்த ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். நாற்பது வயதைத் தாண்டியவள். சிறுவயதில் விட்டுப்போன ஓவியத்தை மறுபடி பிடித்துக்கொண்டு, முதலில் பென்சில், பிறகு நீர்வண்ணம் என்று போய், சென்ற ஆண்டிலிருந்து தைலவண்ணத்தில் பழகுகிறேன். ஆசிரியர் யாரும் இல்லை. காணொளிகள்தான்.

என் பாட்டியின் வெண்கலக் கிண்டியையும் (மூக்கு வைத்த செம்பு) ஒரு சீப்பு மட்டிப்பழத்தையும் திரும்பத் திரும்ப வரைகிறேன். தொடங்கும்போது நன்றாக இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லா நிறமும் கலந்து சேறாகிவிடுகிறது. கிண்டியில் பளபளப்பு வருவதே இல்லை. மஞ்சளோடு எவ்வளவு வெள்ளை சேர்த்தாலும் வெளிறித்தான் போகிறது. மழை தொடங்கியதும் இன்னொரு தொல்லை. வாரக்கணக்கில் படம் காய்வதில்லை, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. கூடுதலாக ஆளிவிதை எண்ணெய் சேர்த்துப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனின் வாசனை வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை.

ஓவியம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். "ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது என்கிறீர்கள், அக்ரிலிக்குக்கு மாறிவிடுங்கள், அரை மணியில் காய்ந்துவிடும்" என்றார். மாறிவிடலாமா? கைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்து வரைவது தவறா? நான் கண்காட்சி வைக்கப் போவதில்லை, விற்கவும் போவதில்லை. இதற்கு இவ்வளவு நேரம் கொடுப்பதில் பொருள் உண்டா என்று சில இரவுகளில் தோன்றுகிறது. வரைந்தவற்றைப் புகைப்படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று: முடிந்த படங்களுக்கு உடனே வார்னிஷ் அடிக்க வேண்டுமா? இப்போதைக்குத் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்திருக்கிறேன்.

சி.,
நாகர்கோவில்

அன்புள்ள சி. அவர்களுக்கு,

மாறாதீர்கள். அக்ரிலிக் நல்ல ஊடகம்தான், ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் தலைகீழானது. மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் கிடைப்பவருக்குத்தான் மெதுவாகக் காயும் வண்ணம் தேவை. அக்ரிலிக் அந்த ஒரு மணி நேரத்துக்குள் உங்களை விரட்டிக்கொண்டே இருக்கும். தைலவண்ணத்தில் இன்று வைத்த நிறத்தைப் பெரும்பாலும் நாளை மாலையும் நகர்த்தலாம். பிடிக்கவில்லையென்றால் நிறம் கலக்கும் பலகையான பேலட்டின் கத்தியால் வழித்து எடுத்துவிட்டுத் துணியால் துடைக்கலாம். கேன்வாஸில் மங்கலாக ஒரு சாயல் தங்கும், அதன் மேல் மறுபடி தொடங்கலாம். நீங்கள் குறையாக எழுதியிருக்கும் அந்தத் தாமதத்தை நம்பித்தான் நான் இத்தனை காலம் வரைந்துகொண்டிருக்கிறேன்.

அது ஏன் காய்வதில்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அக்ரிலிக்கில் நீர் இருக்கிறது. நீர் ஆவியானதும் வண்ணம் இறுகிவிடுகிறது. தைலவண்ணம் காயும் முறையே வேறு. நிறமித்தூளை ஆளிவிதை எண்ணெயில் அரைத்திருக்கிறார்கள். அந்த எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கெட்டியான படலமாக மாறுகிறது. காயத் தொடங்கும் நாட்களில் அந்தப் படலத்தின் எடை சற்றுக் கூடவே செய்கிறது. எண்ணெயை அதிகம் சேர்த்தால் மாற வேண்டிய எண்ணெயும் அதிகமாகிறது, அதனால்தான் உங்கள் விரலில் ஒட்டியது. உங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரமும் வெளிச்சக் குறைவும் சேர்ந்து இன்னும் தாமதமாக்கும். படத்தை நல்ல வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள். மெல்லிய பூச்சாகப் பூசுங்கள்.

யாராவது வீட்டில் இருக்கும் எண்ணெயைச் சேர்க்கச் சொன்னால் கேட்காதீர்கள். தேங்காய் எண்ணெய் எத்தனை ஆண்டானாலும் காயாது. நல்லெண்ணெயையும் நம்ப முடியாது. ஆளிவிதை, வால்நட், கசகசா போன்ற சில எண்ணெய்களுக்கே காயும் குணம் இருக்கிறது.

ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போக அதிகமாகவும் இருக்க வேண்டும். முதல் பூச்சை டர்பன்டைனில் கரைத்து மெல்லியதாக. அடுத்ததை டியூபிலிருந்து வருகிறபடியே. கடைசிப் பூச்சுக்கு வேண்டுமானால் சில சொட்டு ஆளிவிதை எண்ணெய். எண்ணெய் மிகுந்த அடிப்பூச்சு மேல்பூச்சு இறுகிய பிறகும் உள்ளே மாறிக்கொண்டே இருக்கும். ஈரச் சுவரில் வெள்ளையடித்த கதையாக, மேலே உள்ளது வெடித்துவிடும்.

இனி சேறு. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழெட்டு நிறங்களைப் பேலட்டில் பிதுக்கிக்கொள்கிறீர்கள் என்று தெரிகிறது. அவற்றை கேன்வாஸின் மேலேயே கலக்கிறீர்கள். பழத்தின் நிழலுக்காக ஈர மஞ்சளின் மேல் ஊதாவை வைத்து, திருப்தி வராமல் பச்சை, பிறகு கறுப்பு. எதிரெதிர் நிறங்கள் ஈரத்தில் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும்; எஞ்சுவது அந்தச் சாம்பல் பழுப்புதான். கலப்பதைப் பேலட்டில் முடித்துவிடுங்கள். கேன்வாஸில் ஒரு தீற்றலை வைத்தால் அதை விட்டுவிடுங்கள். அடுத்த நிறத்துக்கு முன் தூரிகையைத் துணியில் துடையுங்கள். இதைச் சொல்வது எளிது, கைக்குப் பழக்குவது கடினம். எனக்கு இன்றும் அந்தத் துணியை இடது கையிலேயே பிடித்துக்கொண்டு வரைந்தால்தான் நினைவு வருகிறது.

அதற்கும் முன்னால், கொஞ்ச காலம் நிறத்தையே விட்டுவிடச் சொல்வேன். பர்ன்ட் அம்பர் எனப்படும் கரும்பழுப்பு டியூப் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறிது டர்பன்டைனில் கரைத்து கேன்வாஸ் முழுவதும் தேயுங்கள். பிறகு கிண்டியைப் பார்த்து, வெளிச்சம் விழும் இடங்களைத் துணியால் துடைத்து எடுங்கள். ஆழமான இருட்டுக்கு அதே அம்பரைக் கெட்டியாக வையுங்கள். இருட்டும் வெளிச்சமும் மட்டுமே உள்ள கிண்டி ஒன்று எழுந்துவரும். அம்பர் மண்ணில் மாங்கனீஸ் இருப்பதால் மற்ற நிறங்களைவிட வேகமாகக் காயும், மழைக்காலத்திலும் அதிகம் காக்க வைக்காது. அது காய்ந்த பிறகு அதன் மேல் நிறம் வைத்தால் கீழே உள்ளது கலந்து வராது. சேறு பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும்.

கிண்டியின் பளபளப்புக்கு விடையும் இந்தப் பயிற்சியில்தான் இருக்கிறது. உங்கள் படத்தில் கிண்டி முழுவதும் மஞ்சளாக இருக்கிறது. வெண்கலம் மஞ்சள் என்று உங்களுக்குத் தெரியும், தெரிந்ததை வரைந்திருக்கிறீர்கள். நிஜக் கிண்டியைச் சன்னலோரம் வைத்துக் கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். அதன் பெரும்பகுதி கரும்பழுப்பு. மூக்கின் அடியில் ஏறக்குறையக் கறுப்பு. கீழ்ப்பக்கம் மேசைத்துணியின் நிறத்தை வாங்கியிருக்கும். அருகில் பழச்சீப்பு இருந்தால் வயிற்றில் அதன் மஞ்சள் வளைந்து தெரியும். சன்னல் விழும் இடத்தில் மட்டும் ஓர் அரிசி அளவு மினுக்கம். சுற்றி உள்ள இருட்டை நீங்கள் சரியாக வைத்துவிட்டால் அந்த அரிசி அளவுக்கு ஒரே ஒரு கெட்டித் தீற்றல் போதும். கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை, அவ்வளவுதான். இருட்டு இல்லாத இடத்தில் டியூப் முழுவதையும் பிதுக்கினாலும் உலோகம் பளபளக்காது.

நிறத்துக்குத் திரும்பும்போது நான்கே நான்கு வைத்துக்கொள்ளுங்கள்: வெள்ளை, எல்லோ ஆக்கர் எனப்படும் மஞ்சள் காவி, வெர்மிலியன் போன்ற ஒரு சிவப்பு, ஐவரி கறுப்பு. ஸ்வீடனைச் சேர்ந்த ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் இந்த நான்கோடு சேர்த்தே பேசப்படுகிறார். அவருடைய உருவப்படங்களில் மனிதத் தோலின் உயிர்ப்பைப் பாருங்கள். கறுப்போடு வெள்ளை கலந்தால் வரும் சாம்பல், காவியின் பக்கத்தில் நீலம்போலத் தெரியும். கறுப்பும் காவியும் சேர்ந்தால் ஒரு பாசிப்பச்சை. மட்டிப்பழத்துக்கு இந்த மஞ்சள் போதாதே என்று தோன்றும். பின்னணியைச் சற்று இருட்டாகவும் சாம்பலாகவும் வைத்துப் பாருங்கள், அதே காவி பழுத்துவிடும். வெண்கலத்துக்கு இதைவிடப் பொருத்தமான நிறத் தொகுப்பு எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும்: பழம் காத்திருக்காது. சில நாட்களில் கறுத்துவிடும். பழத்தை ஒரே மாலையில் ஈரத்தோடு ஈரமாக வரைந்து முடியுங்கள். கிண்டியை மாதக்கணக்கில் வரையலாம்.

புகைப்படத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கைபேசி நிழல்களைத் தன் கணக்குப்படி தீர்மானித்துக் கொடுக்கிறது. கிண்டியின் அடியில் உங்கள் கண் பார்க்கும் சின்னச் சின்ன நிற மாற்றங்களை அது ஒரே கறுப்பாகவோ ஒரே பழுப்பாகவோ ஆக்கிவிடும். பேரக்குழந்தையின் ஓட்டத்தை வரைய வேண்டுமென்றால் புகைப்படம் வேண்டும். கிண்டி எங்கும் ஓடாது. எதிரே வைத்து வரையுங்கள்.

ஆசிரியர் இல்லை என்ற வருத்தம் கடிதத்தில் தெரிந்தது. தைலவண்ணத்தின் நுட்பம் ஒரு காலத்தில் பொத்திவைக்கப்பட்ட ரகசியம். திருவிதாங்கூர் அரண்மனையில் அதைத் தெரிந்திருந்த மதுரை ராமசாமி நாயக்கர், இளம் ரவி வர்மாவுக்குச் சொல்லித்தர மறுத்தார் என்றும், 1868-இல் அங்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் தாம் வரையும்போது நின்று பார்க்க மட்டுமே அனுமதித்தார் என்றும் ரவி வர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பார்த்ததை வைத்துத் தானே வரைந்து வரைந்து பிடித்துக்கொண்டார். அவருடைய மூல ஓவியங்கள் உங்களுக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை போய்வாருங்கள். அனுமதிக்கும் அளவுக்கு நெருங்கி, நகைகளையும் சரிகையையும் பாருங்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க ரேக்கையே ஒட்டுவார்கள். இங்கே காவியையும் பழுப்பையும் வைத்து, அவற்றின் மேல் கெட்டியான வெளிர் புள்ளிகளை வைத்தே தங்கம் செய்திருப்பதைக் காணலாம். இரண்டடி பின்வாங்கினால் மின்னும். உங்கள் கிண்டிக்கான பாடம் அங்கே சுவரில் மாட்டியிருக்கிறது.

இதற்கு இவ்வளவு நேரம் கொடுப்பதில் பொருள் உண்டா என்ற உங்கள் கேள்விக்காகவும் அதே ரவி வர்மாவை நினைத்துக்கொண்டேன். அவர் இறந்தது 1906 அக்டோபரில். பிரான்சில் பால் செசான் இறந்ததும் அதே மாதத்தில்தான். இருவரும் தைலவண்ணத்தில் வாழ்ந்தவர்கள், ஆனால் அவர்களுடைய பொழுது வேறு வேறு. ரவி வர்மா தம்பி ராஜ ராஜ வர்மாவோடு ஊர் ஊராகப் பயணம் செய்து, அரசர்களுக்கும் பிரமுகர்களுக்கும் வரைந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். பரோடா அரசருக்கு மட்டும் 14 புராணப் படங்கள். அவருக்காகக் காத்திருப்பவர்கள் எப்போதும் இருந்தார்கள். செசானின் தந்தை வங்கி நடத்தியவர். அந்தச் சொத்து வந்த பிறகு செசான் யாருக்கும் எந்தத் தேதிக்கும் படம் முடித்துத்தர வேண்டியிருக்கவில்லை. 1899-இல் ஓவிய வணிகர் அம்புருவாஸ் வொலாரை உட்கார வைத்து வரைந்தார். 115 முறை உட்கார்ந்ததாக வொலார் எழுதியிருக்கிறார். அப்போதும் படத்திலுள்ள கையில் இரண்டு சிறிய இடங்களில் வண்ணம் படவில்லை. அங்கே எதையாவது வைத்துவிட்டால் அதிலிருந்து தொடங்கி முழுப் படத்தையும் மறுபடி வரைய வேண்டியிருக்கும் என்று செசான் சொன்னாராம். சட்டையின் முன்பக்கம் மட்டும் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

நீங்கள் பள்ளியில் உழைத்துச் சம்பாதிக்கிறீர்கள். உங்கள் படத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. ரவி வர்மாவுக்குக் கிடைக்காத, செசானுக்கு வாய்த்த அந்த அவகாசம் உங்கள் மாலை வேளையில் இருக்கிறது. கண்காட்சி இல்லை, விற்பனை இல்லை என்பதைக் குறைபோல எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் ஒரே கிண்டியை நீங்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் வழித்துப் போட்டுவிட்டுத் தொடங்க முடிகிறது. இத்தாலிய ஓவியர் டிஷியன் தம் படங்களை மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, பிறகு எதிரியைப் பார்ப்பதுபோல அவற்றை ஆராய்வார் என்று அவரோடு வேலை செய்தவர் வழியாக ஒரு குறிப்பு வந்திருக்கிறது. வண்ணம் காயும் நாட்களை அப்படிப் பயன்படுத்துங்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை: இந்த ஒரு மணி நேரத்துக்குப் பொருள் உண்டு. அந்தக் கிண்டியை வேறு யாரும் இவ்வளவு நேரம் பார்க்கப் போவதில்லை.

வாசனையைப் பற்றி. தூரிகையைக் கழுவ டர்பன்டைன் தேவையில்லை. துணியில் துடைத்துவிட்டு, சிறிது ஆளிவிதை எண்ணெயில் அலசி, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். டர்பன்டைனை முதல் பூச்சுக்கு மட்டும், சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு பயன்படுத்துங்கள். இன்னொரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் பட்ட துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் பிறக்கிறது. சுருண்ட துணிக்குள் அது வெளியேற முடியாமல் சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வீட்டுக்கு வெளியே விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் நனைத்து வையுங்கள். காணொளிகளில் பலர் இதைச் சொல்வதில்லை, எனக்கு அது கோபம் வரவழைக்கிறது.

வார்னிஷுக்கு அவசரமில்லை. தொட்டால் ஒட்டாத நிலை வந்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். மெல்லிய பூச்சுக்கு ஆறு மாதம், கெட்டியானதற்கு ஓர் ஆண்டோ அதற்கு மேலோ விடுங்கள். படங்களை இன்றே பீரோவிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும், நம் ஊர் ஈரத்தில் மூடிவைத்த கேன்வாஸில் பூஞ்சையும் பிடிக்கும். ஏற்கெனவே மஞ்சளித்திருந்தால் வெளிச்சமான சுவரில் சில வாரம் மாட்டி வையுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். அம்பரில் துடைத்து எடுத்த கிண்டி தயாரானதும் அதன் புகைப்படத்தை அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம்.

அன்புடன்.