ஆங்கில இலக்கியத்துக்கு ஆறு லட்சம் கடனா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், பி.ஏ. ஆங்கிலம்தான் படிப்பேன் என்கிறாள். கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 2 லட்சம். பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றிலும் பெயர் வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார், வீட்டைத் தவிர வேறு சொத்து இல்லை. கடன் வாங்கிக் கோவையில் சேர்க்கலாமா? "இங்கிலீஷ் படிச்சு என்னத்த சம்பாதிக்கப் போறா" என்று என் தம்பி வேறு சொல்லிக்கொண்டிருக்கிறான்.
- வாசகி, சங்கரன்கோவில்

பதில்: ஆங்கிலம் படிக்கட்டும் அம்மா. ஆறு லட்சம் கடனில் படிக்க வேண்டாம்.

வங்கியில் கல்விக் கடன் மேஜையில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான், அதனால் கணக்கை அங்கிருந்தே தொடங்குகிறேன். வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம் (வங்கிக்கு வங்கி மாறும், பெண் பிள்ளை என்றால் பல வங்கிகளில் அரை சதவீதம் குறைப்பார்கள்). படிக்கும் மூன்று வருஷமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கேட்க மாட்டார்கள், எல்லோரும் இதைத்தான் காதில் வாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் முதல் 2 லட்சம் கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். தனிவட்டியாகப் போட்டாலே நான்கு வருஷ முடிவில் 1,98,000 ரூபாய் சேர்ந்திருக்கும். ஆக, கட்டத் தொடங்கும் அன்று கடன் கிட்டத்தட்ட 8 லட்சம். பத்து வருஷத்தில் அடைக்க மாதம் 11,000. பதினைந்து வருஷமாக நீட்டினால் சுமார் 9,100, ஆனால் மொத்தமாகக் கட்டியது 16 லட்சத்தைத் தாண்டிவிடும்.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். பி.ஏ. முடித்த கையோடு கிடைப்பது பெரும்பாலும் தனியார் பள்ளி, கால் சென்டர், கன்டென்ட் எழுதும் வேலை. உங்கள் ஊர் மெட்ரிக் பள்ளி ஒன்றில் புது டீச்சருக்கு என்ன தருகிறார்கள் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள். 15,000 என்றே வைத்துக்கொண்டாலும், அதில் 11,000 தவணைக்குப் போனால் மிச்சம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே இழுபறிதான்.

அதற்காக உங்கள் தம்பி சொல்வது சரி என்று ஆகிவிடாது. இந்தப் படிப்பில் நல்ல சம்பளம் இருக்கிறது, தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். இரண்டு வருஷம் பி.எட்., அப்புறம் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு), டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு) எல்லாம் தாண்டி அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியரானால் அடிப்படைச் சம்பளம் 36,400. எம்.ஏ. முடித்து நெட் அல்லது செட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி, உதவிப் பேராசிரியர் பணி கிடைத்தால் யு.ஜி.சி. அளவில் தொடக்கமே 57,700. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-க்கும் ஏதாவது ஒரு டிகிரி போதும். ஆனால் இவை எதுவும் 22 வயதில் கைக்கு வராது, தவணையோ 22 வயதில் கதவைத் தட்டும். மேலே படிக்கிறாள் என்று சொல்லித் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம், வட்டி மட்டும் அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசே வட்டியைக் கட்டிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது தொழில்முறை, தொழில்நுட்பப் படிப்புகளுக்குத்தான், பி.ஏ. அதில் வராது. பி.எம். வித்யாலட்சுமி என்ற மத்திய அரசின் கல்விக் கடன் திட்டத்தில் வரலாம், ஆனால் கோவைக் கல்லூரி அந்தத் திட்டத்தின் கல்லூரிப் பட்டியலில் இருக்க வேண்டும். இருந்தாலும் கிடைப்பது 3 சதவீத வட்டிச் சலுகை, அதுவும் தவணை தொடங்கும் வரைதான்.

7.5 லட்சம் வரை வீட்டுப் பத்திரத்தைக் கேட்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் பெற்றோரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். தவணை தவறினால் உங்கள் வீட்டுக்காரரின் சிபில் ஸ்கோரும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் மதிப்பெண்) விழும், நாளைக்கே தறிக்கு ஒரு கடன் கேட்டுப் போனால் அங்கே முட்டும். மகள் வேலை தேடி அலையும்போது அப்பாவுக்கு வங்கியிலிருந்து போன் வருவதை எத்தனையோ குடும்பங்களில் பார்த்துவிட்டேன்.

பாளையங்கோட்டையில் சேருங்கள். தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று சும்மாவா பேர் வைத்தார்கள்! ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேட்டுவிடுங்கள்: கிடைத்திருப்பது எய்டெட் (அரசு உதவி பெறும்) பிரிவா, செல்ஃப் ஃபைனான்ஸ் (சுயநிதி) பிரிவா? ஒரே கல்லூரி, ஒரே பாடம், ஆனால் ஃபீஸ் பல மடங்கு வித்தியாசப்படும். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், அதையும் விடாதீர்கள். கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால் பி.எட்.டுக்கோ எம்.ஏ.வுக்கோ வாங்கட்டும், அப்போது அவளுக்கே எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரிந்திருக்கும்.

கேள்வி: மகனின் எம்.ஏ. கடனுக்கு நான்தான் தவணை கட்டுகிறேன். வரிச்சலுகை உண்டா?
- வாசகர், திருச்சி

பதில்: கடன் உங்கள் பெயரிலும் இருந்தால் உண்டு, வருமான வரியில் 80இ என்று நாம் சொல்லிவந்த பிரிவில். வட்டிக்கு மட்டும்தான், அசலுக்குக் கிடையாது. வட்டித் தொகைக்கு உச்சவரம்பு இல்லை, கட்டத் தொடங்கியதிலிருந்து எட்டு வருஷம் வரை காட்டலாம். ஆனால் நீங்கள் பழைய வரிமுறையில் இருக்க வேண்டும். வருஷா வருஷம் வட்டிச் சான்றிதழை வங்கியில் கேட்டு வாங்கிவிடுங்கள், தானாக வீடு தேடி வராது.